கொல்லையில் மேய்வது எந்த இனம்?

வாரச் சந்தையில் ஒரு கறுப்புப் பெட்டையைக் கடக்நாத் என்று சொல்லி விற்பார்கள். நாலு கூடை தள்ளி, அதே போன்ற பெட்டை வெறும் நாட்டுக்கோழி என்ற பெயரில் பாதி விலைக்குக் கிடைக்கும். இரண்டு பேரும் பொய் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. குஞ்சாக வாங்கியபோது அவர்களிடம் என்ன சொல்லப்பட்டதோ அதையே நம்மிடமும் சொல்லியிருக்கலாம். கோழி வளர்ப்பில் பெயர் சுலபமாகக் கைமாறும். உடம்பு அப்படி மாறாது. பெயரை விட்டுவிட்டு உடம்பைப் படிக்கக் கற்றுக்கொண்டால், கொல்லையில் மேயும் பத்துக் கோழிகளில் எது எந்த வழியில் வந்தது என்று ஓரளவு திடமாகச் சொல்லிவிடலாம்.

இதனால் என்ன பயன்? அடைக்கு உட்காரும் கோழி எது, உட்காராதது எது, எந்த முட்டையைப் பொரிக்க வைக்கலாம், எதைக் கறிக்கு விடலாம், எதற்கு எவ்வளவு தீனி தேவை என்று எல்லாமே இனத்தைப் பொறுத்தது. கொடுக்கும் விலையும் அதற்குள் அடக்கம்.

நிறம் கடைசியில்தான்

பார்த்தவுடன் கண்ணில் படுவது இறகின் நிறம். அதை நம்பினால் முதல் அடியே தவறும். பெருவிடை என்ற பெரிய நாட்டுக்கோழியில் காகம், கீரி, மயில், செவலை என்று நிறத்துக்கொரு பெயர் உண்டு. எல்லாம் ஒரே இனம்தான். மாறாக, கறுப்பு இறகு கடக்நாத்திலும் இருக்கிறது, தலச்சேரிக் கோழியிலும் இருக்கிறது, பெயரில்லாத ஊர்க் கோழியிலும் இருக்கிறது.

இறகின் நிறத்தை முடிவு செய்பவை ஒரு சில மரபணுக்களே. ஒருமுறை கலப்பு நடந்தால் போதும், நிறம் குஞ்சில் வந்துவிடும். எலும்புச் சட்டகம் அப்படியல்ல. காலின் நீளம், மார்பின் அகலம், நிற்கும் தோரணை ஆகியவற்றைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. பல தலைமுறை தேர்ந்தெடுத்து வளர்த்தால்தான் அவை நிலைக்கும். அதனால் பார்க்கும் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் நிற்கும் விதம், பிறகு கொண்டை, அடுத்து கால், அதன் பிறகு இறகை விலக்கித் தோல், கடைசியாக நிறம்.

இன்னொன்று: ஒத்த வயதுக் கோழிகளையே ஒப்பிட வேண்டும். மூன்று மாதக் குஞ்சையும் ஒரு வயதுப் பெட்டையையும் பக்கத்தில் நிறுத்தினால் எதுவும் விளங்காது. இறகு உதிர்க்கும் பருவத்தில் இருக்கும் கோழியையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பெருவிடையும் சிறுவிடையும்

தமிழ்நாட்டுக் கொல்லைகளில் அதிகம் குழம்புவது இந்த இரண்டுக்கும் இடையில்தான், அதுவும் இளம் வயதில். வளர்ந்த பிறகு எடையே சொல்லிவிடும். பெருவிடை எனப்படும் அசில் சேவல் நாலு கிலோவுக்கு மேல் போகும். பெட்டையே மூன்று கிலோ வரும். சிறுவிடைச் சேவல் இரண்டு கிலோவை எட்டினால் அதிகம், பெட்டை ஒன்றரைக் கிலோவுக்குள் நின்றுவிடும்.

எடை தெரியாத வயதில் நிற்கும் விதத்தைப் பாருங்கள். அசில் நெஞ்சை நிமிர்த்தி, ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். கழுத்து நீளம், தோள் அகலம். மேலிருந்து பார்த்தால் தோளில் அகன்று வாலை நோக்கிக் குறுகும். வால் தழைந்திருக்கும். சிறுவிடையின் முதுகு கிடைமட்டமாக இருக்கும், வால் மேல்நோக்கி எழும்.

கையில் தூக்கினால் வேறுபாடு இன்னும் தெளிவு. அசிலின் இறகு குட்டையானது, உடம்போடு ஒட்டிக் கிடக்கும். உடல் கட்டி தட்டியது போல் இறுகியிருக்கும். மார்பெலும்பின் மேல் இறகு அடர்த்தியில்லாமல் சிவந்த தோல் தெரியும். சிறுவிடையைப் பிடித்தால் கை முதலில் இறகுக்குள் புதையும், அதற்குப் பிறகுதான் உடம்பு அகப்படும்.

தலைக்கு வாருங்கள். அசிலுக்குப் பட்டாணிக் கொண்டை: நெற்றியை ஒட்டிப் படுத்த மாதிரி, மூன்று வரிசையாகச் சிறு மேடுகள், நடு வரிசை சற்றே உயரம். தாடி இருப்பதே தெரியாது. புருவ எலும்பு தடித்து, கண் உள்வாங்கியிருக்கும். வயது ஏற ஏறக் கண் வெளுத்து முத்து நிறத்துக்கு வரும். சிறுவிடையில் பெரும்பாலும் வாள்பல் போல நிமிர்ந்த ஒற்றைக் கொண்டை, தொங்கும் தாடி, செம்மஞ்சள் கண்.

குஞ்சுப் பருவத்தில் இன்னொரு தடயம் உண்டு. பெருவிடைக் குஞ்சுக்கு இறகு முளைப்பது தாமதம். கால் மட்டும் நெடுநெடுவென்று வளர்ந்து, தோளும் முதுகும் வெறுமையாகத் திரியும். நோய் என்று பயப்பட வேண்டியதில்லை. அதே வயதுச் சிறுவிடைக் குஞ்சு அதற்குள் இறகு மூடி, கிளையேறப் பழகியிருக்கும்.

கண்காட்சிகளில் பரிசு வாங்கும் கிளிமூக்கு விசிறிவால் சேவலும் பெருவிடை வழியில் தேர்ந்தெடுத்து வளர்த்ததே. குட்டையாகக் கீழ்நோக்கி வளைந்த அலகும், நீண்டு விரிந்த வாலும் அதன் அடையாளம். சண்டைக்கு வளர்த்த வழியின் அலகு இப்படி வளையாது.

கலப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? பட்டாணிக் கொண்டையும் ஒற்றைக் கொண்டையும் கலந்தால் முதல் தலைமுறைக் குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் பட்டாணிக் கொண்டைதான் வரும். ஆனால் அது சுத்தமான பட்டாணிக் கொண்டையைவிட உயரமாக, ஒழுங்கில்லாமல், சில நேரம் சற்றுச் சாய்ந்திருக்கும். 'அசில் கிராஸ்' என்று விற்கப்படும் கோழிகளில் அடிக்கடி பார்க்கலாம். அசிலின் நீண்ட காலும் கொண்டையும் இருக்கும். இறகு மட்டும் தளர்வாக, தாடி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கருங்கோழி என்று சொல்லப்படுபவை

கடக்நாத்தின் சொந்த ஊர் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர் வட்டாரம். அங்குள்ள பழங்குடி மக்கள் வளர்த்து வந்த கோழி அது. ஜாபுவா கடக்நாத் கறிக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்கு வந்த மவுசில் கறுப்பாகத் தெரியும் எல்லாமே கடக்நாத் ஆகிவிட்டன.

இறகை வைத்துப் பார்த்தால் ஏமாறுவோம். கடக்நாத்திலேயே முழுக் கறுப்பு, கறுப்பில் வெள்ளிக் கோடு ஓடியது, பொன்னிறக் கோடு ஓடியது என்று மூன்று வகை உண்டு. கறுப்பு இருக்க வேண்டிய இடம் தோலும் உள்ளுறுப்பும். வாயைத் திறந்து நாக்கையும் மேலண்ணத்தையும் பாருங்கள். மார்பிறகை ஊதி விலக்கித் தோலைப் பாருங்கள். கால், விரல், நகம், முகம் எல்லாம் கருமை படிந்திருக்க வேண்டும். கொண்டையும் தாடியும் ஊதா கலந்த கறுப்பாக இருக்கும். வளர்ந்த சேவலில் கொஞ்சம் செம்மை தட்டலாம். முட்டை மட்டும் கறுப்பு இல்லை, வெளிர் பழுப்புதான். கறுப்பு முட்டை என்று யாராவது காட்டினால் கோழியின் மேல் பழியில்லை.

இதோடு குழம்பும் உறவினர் இரண்டு. ஒன்று தலச்சேரிக் கோழி, வட கேரளத்தைச் சேர்ந்தது. நீலம் மின்னும் கறுப்பு இறகு, கருஞ்சாம்பல் கால். தூரத்தில் பார்த்தால் அசல் கடக்நாத். அருகில் வந்தால் பெரிய சிவப்பு ஒற்றைக் கொண்டை காட்டிக் கொடுத்துவிடும். இன்னொன்று சில்க்கி. அதற்கும் தோல் கறுப்புதான். ஆனால் இறகு பஞ்சு போல இழையிழையாகப் பிரிந்திருக்கும், காலில் ஐந்து விரல் இருக்கும். கடக்நாத்துக்கு நாலு விரல். 'கடக்நாத்' குஞ்சில் ஐந்தாவது விரலைக் கண்டால், எங்கோ சில்க்கி கலந்திருக்கிறது என்று பொருள்.

கலப்பு விஷயத்தில் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. தோல் கறுப்பாக ஒரு மரபணு வேண்டும். அந்தக் கறுப்பை அடக்கி வைக்கும் வேறொரு மரபணு, பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. மஞ்சள் கால், வெள்ளைக் கால் கோழிகளில் இந்த அடக்கும் மரபணு இருக்கும், கடக்நாத்தில் இல்லை. கடக்நாத் சேவலை மஞ்சள் கால் பெட்டையோடு சேர்த்தால் என்ன ஆகும்? பெட்டைக் குஞ்சு அந்தக் குரோமோசோமைத் தகப்பனிடமிருந்து மட்டுமே பெறுகிறது. அதனால் அடக்க ஆளில்லாமல் நல்ல கறுப்பாக வரும். சேவல் குஞ்சு தாயிடமிருந்தும் ஒன்று வாங்கிக்கொள்வதால் கறுப்பு மங்கிவிடும். சேர்க்கையைத் திருப்பி, மஞ்சள் கால் சேவலைக் கடக்நாத் பெட்டையோடு விட்டால் இருபாலும் மங்கலாகவே வரும். பேட்சன், பன்னட் என்ற இரண்டு ஆங்கிலேய மரபியலாளர்கள் சில்க்கியையும் லெக்ஹார்னையும் கலந்து இதே முறையைக் கண்டு 1911-ல் எழுதினார்கள்.

நமக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம்: பெட்டை கறுப்பாக இருப்பது பெரிய சான்று இல்லை, அது பாதி ரத்தமாகவும் இருக்கலாம். கூடப் பிறந்த சேவல்களும் உள்வாய் வரை கறுப்பாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே ஈட்டில் பெட்டைகள் கறுப்பு, சேவல்கள் சிவந்த முகம் என்றால் அது கலப்பு. அரசு நிறுவனங்களே வேண்டுமென்று உருவாக்கிய கலப்பும் உண்டு. இசத்நகரில் உள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிறுவனத்தின் காரி ஷ்யாமா, கடக்நாத்தையும் காரி ரெட்டையும் சேர்த்தது. அதை அந்தப் பெயரிலேயே வாங்கினால் குறையொன்றுமில்லை.

நாட்டுக்கோழி வேடத்தில் பண்ணைக் கோழி

புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கப்பட்ட கோழிகள் பல: பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் கிரிராஜா, ஐதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்ககத்தின் வனராஜா, கிராமப்ரியா, நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி, நாமக்கல் கோழி. ஊர்க்காரர்கள் வெள்ளைக் கோழியை விரும்புவதில்லை என்பதால் பல நிற இறகோடு வரும்படியே இவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊர்க் கோழியோடு சேர்ந்து மேய்ந்தால் வித்தியாசம் தெரியாமல் போவது அதனால்தான்.

பிரித்தறிய மூன்று இடம் போதும். ஒன்று, கால் தடிமன். ஊர்க் கோழியின் கால் மெலிந்து, செதில் நெருக்கமாக இருக்கும். இவற்றின் கால் கோழியின் வயதுக்கு மீறித் தடித்திருக்கும். இரண்டு, வளரும் வேகம். நல்ல தீனி கிடைத்தாலும் மூன்று மாதச் சிறுவிடை ஒரு கிலோவைத் தொடாது. அதே தீனியில் வனராஜாவும் கிரிராஜாவும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டிவிடும். மூன்று, சுபாவம். கையை நீட்டினால் ஊர்க் கோழி கூரையில் இருக்கும். இவை கையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்; தீனிக்கு ஓடி வரும்; இரவில் மரமேற முயலாது.

இப்போது சந்தையில் நாட்டுக்கோழி என்று வருவதில் சோனாலியும் சேர்ந்துகொண்டது. அது வங்கதேசத்தில் உருவானது: ரோட் ஐலண்ட் ரெட் சேவல், எகிப்தின் ஃபயூமி பெட்டை. உடல் ஒல்லி, ஊர்க் கோழி அளவே இருக்கும். ஆனால் ஒரு கூடையில் உள்ள அத்தனையும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு, ஒரே நிறச் சாயல். உண்மையான ஊர்க் கோழிக் கூடையில் இப்படி ஒற்றுமை இருக்காது.

அலகு நுனி வெட்டப்பட்டிருந்தால் அது இனத்தைச் சொல்லாது, வளர்ந்த இடத்தைச் சொல்லும். நெருக்கமாக அடைத்து வளர்க்கும் பண்ணைகளில்தான் ஒன்றையொன்று கொத்தாமலிருக்க அலகை வெட்டுவார்கள். கொல்லையில் பூச்சி பொறுக்கி வளர்ந்த கோழி என்று சொல்லி அலகு மழுங்கிய கோழியைக் கொடுத்தால் யோசிக்க வேண்டும்.

செம்பழுப்புக் கோழிகள்

ரோட் ஐலண்ட் ரெட் என்ற அமெரிக்க இனம் ஆழ்ந்த கருஞ்சிவப்பு. பக்கவாட்டில் பார்த்தால் செங்கல் மாதிரி நீள்சதுர உடம்பு, கறுப்பு வால், மஞ்சள் கால். பழுப்பு முட்டைக்காகப் பண்ணைகளில் வளர்க்கும் கலப்பினப் பெட்டை இதைப் பார்க்க ஒத்திருக்கும். இறகை விலக்கி அடித்தூவியைப் பாருங்கள். ரோட் ஐலண்டில் அதுவும் சிவப்பு. கலப்பினத்தில் பெரும்பாலும் வெள்ளை. வாலிலும் சிறகிலும்கூட வெள்ளை இறகு கலந்திருக்கும். செவலை ஊர்க் கோழியின் நிறம் சீராக இருக்காது. கழுத்து ஒரு சாயல், மார்பு ஒரு சாயல், முதுகில் மணல் தெளித்த மாதிரி புள்ளி.

காலின் மஞ்சள் ஏமாற்றும் இடம்

கால் நிறம் நல்ல அடையாளம்தான், ஒரு எச்சரிக்கையோடு. மஞ்சள் காலுக்குக் காரணமான மரபணு நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வீட்டுக் கோழிக்கு வந்தது என்று 2008-ல் ஆய்வாளர்கள் கண்டார்கள். மரபணு வழி தந்தாலும், மஞ்சளைத் தருவது தீனி. மக்காச்சோளம், கீரை, புல் ஆகியவற்றில் உள்ள நிறமிதான் தோலில் படிகிறது.

பெட்டை தொடர்ந்து முட்டையிட்டால் அந்த நிறமி மஞ்சள் கருவுக்குப் போய்விடும். முதலில் எச்சத் துவாரம் வெளுக்கும், பிறகு கண் ஓரம், அலகு, கடைசியாகக் கால். நன்றாக முட்டையிடும் மஞ்சள் கால் பெட்டை சில மாதத்தில் வெள்ளைக் கால் கோழி போலத் தெரியும். முட்டை நின்று ஓய்வெடுத்ததும் அதே வரிசையில் நிறம் திரும்பும். அதனால் கால் நிறத்தை முட்டையிடத் தொடங்காத விடைக்கோழியிலோ சேவலிலோ பாருங்கள்.

செவி மடலும் ஒரு துப்பு. வெள்ளை மடல் என்றால் பெரும்பாலும் வெள்ளை முட்டை, சிவப்பு மடல் என்றால் பழுப்பு. விதிவிலக்குகள் நிறைய. இதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

கழுத்தில் இறகில்லாதது

கழுத்து மொட்டையான கோழியைப் பலர் நோயாளி என்று ஒதுக்குவார்கள். அது மரபணுவின் வேலை. வெயிலைத் தாங்க உதவும். இதில் சுத்தமும் கலப்பும் கழுத்திலேயே எழுதியிருக்கிறது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்திருந்தால் கழுத்து ஏறக்குறைய முழு மொட்டை. ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் முன்கழுத்தின் அடியில் ஒரு கொத்து இறகு நிற்கும். அந்தக் கொத்து இருந்தால், சாதாரணக் கோழியோடு சேர்த்தபோது பாதிக் குஞ்சுகளுக்குத்தான் மொட்டைக் கழுத்து வரும்.

கண்ணுக்குத் தெரியாததைக் காலம் காட்டும்

தோற்றம் குழப்பினால் நடத்தையைக் கவனியுங்கள். சிறுவிடை ஒரு ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும், குஞ்சுகளையும் பொறுப்பாகக் காக்கும். பெருவிடைப் பெட்டை உட்கார்ந்தாலும் உடல் கனத்தால் முட்டை உடைவது உண்டு. அதனால் பெருவிடை முட்டையைச் சிறுவிடைக்கு அடியில் வைத்துப் பொரிக்கும் வழக்கம் ஊர்களில் இருக்கிறது. முட்டைக்காக உருவாக்கிய கலப்பினம் மாதக் கணக்கில் இட்டுக்கொண்டே போகும், அடைக்கு உட்காரும் எண்ணமே அதற்கு வராது. உங்கள் 'நாட்டுக்கோழி' ஐந்தாறு மாதம் நிறுத்தாமல் முட்டையிட்டால் சந்தோஷப்படுங்கள். ஆனால் அது நாட்டுக்கோழி இல்லை.

இறுதியான சான்று குஞ்சுகளிடம் இருக்கிறது. இனம் என்றால் தலைமுறைக்குத் தலைமுறை அதே மாதிரி பிறப்பது. கலப்பின் முதல் தலைமுறை பெரும்பாலும் ஒன்று போலவே இருக்கும். அதை வைத்து ஏமாறக்கூடாது. அந்தக் குஞ்சுகள் வளர்ந்து தமக்குள் சேரும்போது உள்ளே ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வரும். அசிலையும் ஒற்றைக் கொண்டைக் கோழியையும் கலந்ததன் பேரக் குஞ்சுகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு ஒற்றைக் கொண்டை திரும்பிவிடும். எடையும் முட்டையும்கூடச் சிதறும். வனராஜா போன்றவற்றின் முட்டையை வீட்டில் பொரித்து வைத்துவிட்டு, குஞ்சுகள் தாயைப் போல வளரவில்லையே என்று வருந்துவதும் இதனால்தான்.

சோதித்துப் பார்க்க

சந்தேகமான பெட்டையையும் அதே வகை என்று நம்பும் சேவலையும் தனிக் கூட்டில் விடுங்கள். பெட்டையின் உடலுக்குள் பழைய சேவலின் விந்து இரண்டு மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கும். ஆகவே பிரித்து வைத்த முதல் மூன்று வார முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நாலாவது வாரத்திலிருந்து சேர்த்த முட்டையைப் பொரிக்க வையுங்கள். குஞ்சுகளுக்குக் காலில் வளையம் போட்டு, கொண்டை வடிவம், கால் நிறம், விரல் எண்ணிக்கை, மாத எடை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அவை பெரிதாகி முட்டையிடும்போது, அவற்றின் குஞ்சுகளையும் இதே மாதிரிக் குறித்து வைத்தால், சந்தையில் சொன்ன பெயர் சரியா என்பது உங்கள் நோட்டிலேயே இருக்கும்.

அவ்வளவு காலம் காத்திருக்க முடியாதவர்கள் வாங்கும்போதே ஒன்று செய்யலாம். இது என்ன இனம் என்று கேட்காதீர்கள். அதற்கு எப்போதும் பதில் தயாராக இருக்கும். இதன் தாயையும் சேவலையும் கூடப் பிறந்ததையும் பார்க்கலாமா என்று கேளுங்கள். காட்டுகிறவரிடம் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் தகும்.